ஒரு ஆங்கிலச் சொல், பல ஸ்பானிஷ் சொற்கள்: கேள்வி-பதில்

'ஆஸ்க்' என்பதற்கு அகராதியில் ப்ரெகுந்தார், பெதிர் இரண்டும் இருக்கின்றன. எதை எப்போது எடுப்பது?

இங்கே குழப்புவது ஆங்கிலம் மட்டுமல்ல, தமிழும் உடந்தை. வழி கேட்கிறோம், கடன் கேட்கிறோம், பாட்டும் கேட்கிறோம். ஸ்பானிஷ் இந்த மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிடும். தகவல் வேண்டுமென்றால் ப்ரெகுந்தார். பொருளோ உதவியோ வேண்டுமென்றால் பெதிர். மணி என்ன என்று கேட்பது முதல் வகை, ஹோட்டலில் காபி கேட்பது இரண்டாம் வகை. பாட்டுக்கு எஸ்குச்சார்.

இரண்டு இடங்களில் பலரும் சறுக்குவார்கள். கேள்வி கேட்பதை 'ப்ரெகுந்தார் ஊனா ப்ரெகுந்தா' என்று எழுதக்கூடாது. 'அசேர் ஊனா ப்ரெகுந்தா', அதாவது கேள்வியைச் 'செய்ய' வேண்டும். அடுத்தது, 'அவனை வரச் சொல்லிக் கேட்டேன்' என்ற வகை வாக்கியம். ஆங்கிலத்தைப் போல வினையெச்சத்தை ஒட்டவைக்க முடியாது. 'லே பெதீ கே வினியேரா' என்று 'கே' என்ற இணைப்புச்சொல்லைச் சேர்த்து, அதன் பின் விருப்ப வினைவடிவம் (சப்ஜங்டிவ்) போட வேண்டும். முதன்மை வினை நிகழ்காலமானால் 'லே பீதோ கே வேங்கா'. யாரையாவது நலம் விசாரிப்பதற்கு 'ப்ரெகுந்தார் போர்'.

எங்கள் ஆப்பின் ஆங்கிலச் சொற்பட்டியலை மொழிபெயர்க்கக் கொடுத்தோம். 'சேவ் 20%' என்ற தள்ளுபடி அறிவிப்பில் 'குவார்தார்' வந்துவிட்டது. தவறு யாருடையது?

பெரும்பாலும் பட்டியலுடையது. கோப்பைச் சேமிக்க குவார்தார், பணத்தையோ நேரத்தையோ மிச்சப்படுத்த அஓர்ரார், உயிரைக் காப்பாற்ற சல்வார். மொழிபெயர்ப்பாளருக்கு 'சேவ்' என்ற ஒற்றைச் சொல் மட்டுமே போனால், அவர் கோப்பு பட்டனைத்தான் நினைப்பார். தள்ளுபடிக்கு 'அஓர்ரா உன் 20%' என்று வாடிக்கையாளரிடம் பேசும் ஏவல் வடிவம் வேண்டும்.

'ஓப்பன்' இன்னும் மோசம். பட்டனில் இருந்தால் ஸ்பானிஷ் மென்பொருளின் வழக்கப்படி வினையின் மூலவடிவம்: அப்ரீர். நிலையைச் சொன்னால் அபியெர்தோ. அதுவும் கடை என்ற பெண்பால் பெயரைக் குறித்தால் அபியெர்தா. ஆங்கிலத்தில் ஒன்று, ஸ்பானிஷில் குறைந்தது மூன்று.

கெட்டெக்ஸ்ட் என்ற மென்பொருள் மொழிபெயர்ப்பு முறையின் கோப்பில் ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு இடங்களில் வந்தாலும் ஒரே பதிவாகிவிடும். ஒரு மொழிபெயர்ப்பே இரண்டு இடத்திலும் ஓடும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் சூழல் வரி (எம்எஸ்ஜிசிடிஎக்ஸ்டி) சேர்த்து, 'மெனு பட்டன்', 'கடை நிலை' என்று பிரித்துக் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்தும் அனுப்பினால் இன்னும் நல்லது.

சாபேர், கொனோசேர்: இரண்டும் 'தெரியும்' தானே?

செய்தி, விவரம், திறமை தெரிந்தால் சாபேர். ஆளோ ஊரோ பழக்கமென்றால் கொனோசேர். நீச்சல் தெரியும் என்பதற்கு 'சே நதார்'. 'எப்படி' என்ற சொல்லை இடையில் சேர்க்கத் தேவையில்லை. கொனோசேருக்குப் பின் மனிதர் வந்தால் 'ஆ' என்ற இடைச்சொல் கட்டாயம்.

எளிய இறந்தகாலத்தில்தான் பொறி இருக்கிறது. 'சூப்பே' என்றால் தெரிந்திருந்தது அல்ல, தெரியவந்தது. 'கொனோசீ' என்றால் முதன்முதலில் சந்தித்தேன். நெடுநாள் பழக்கத்தைச் சொல்ல 'கொனோசீயா' என்ற தொடர் இறந்தகால வடிவம் எடுங்கள். ஆங்கிலம் இந்த வித்தியாசத்தைக் காட்டாது. தமிழின் 'தெரியும்', 'தெரியவந்தது' இங்கே உங்களுக்குச் சாதகம்.

பஸ் எடுப்பதற்கு 'கொஹேர்' என்று படித்தேன். மெக்ஸிகோ நண்பர் சிரித்தார். ஏன்?

ஸ்பெயினில் அது அன்றாடச் சொல். மெக்ஸிகோவிலும் அர்ஜென்டினாவிலும் ஆபாசப் பொருள் தரும். தொமார் எங்கும் பாதுகாப்பானது. பஸ்ஸுக்கும் மருந்துக்கும் அதுவே போதும். ஆனால் 'டேக்' வரும் இடமெல்லாம் தொமார் ஆகாது. ஒருவரை ஓரிடத்துக்குக் கூட்டிப்போக யெவார், ரயில் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்வதற்கு தர்தார், உலாவப் போவதற்கு 'தார் உன் பசேயோ'. பரீட்சை எழுதுவதற்கு மெக்ஸிகோவில் ப்ரெசென்தார், அர்ஜென்டினாவில் ரெந்தீர். எந்த நாட்டுக்கு எழுதுகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

'ஆர்டர்' ஆண்பாலா, பெண்பாலா?

இரண்டும். 'எல் ஓர்தென்' வரிசை, ஒழுங்கு. 'லா ஓர்தென்' கட்டளை. கடையில் கொடுத்த ஆர்டர் பெதீதோ. அகரவரிசையை 'லா ஓர்தென் அல்ஃபபேதிகோ' என்று எழுதினால் பொருளும் பாலும் சேர்ந்து கெடும்.

'கார்னர்' ஒன்றுதானே?

தெருமுனையும் மேசையின் வெளிமுனையும் எஸ்கீனா. அறையின் உள்மூலை ரின்கோன். அதேபோல் மனிதரின் கால் பியெர்னா, நாயின் காலும் நாற்காலியின் காலும் பாத்தா.

அகராதி தரும் முதல் பொருளையே நம்பலாமா?

கூடாது. ஸ்பானிஷ் சொல்லை எடுத்துக்கொண்டு, எதிர்த்திசையில், அதாவது ஸ்பானிஷ்-ஆங்கில அகராதியில், மறுபடி தேடுங்கள். 'மேட்ச்' தேடி முதலில் கிடைத்த ஃபோஸ்ஃபொரோவைக் கால்பந்து வாக்கியத்தில் போட்டால், ஸ்டேடியத்தில் தீக்குச்சி விளையாடும், ஆட்டத்துக்கு பர்தீதோ. பிறகு, 1713இல் தொடங்கிய ஸ்பானிஷ் மொழிக் கழகமான ரியல் அகாதெமியா எஸ்பஞோலாவின் இணைய அகராதியைப் பாருங்கள். அது இலவசம், ஒரு பொருள் குறிப்பிட்ட நாடுகளுக்கு உரியதென்றால் நாட்டின் பெயர்ச் சுருக்கம் அருகிலேயே இருக்கும். கொஹேர் பற்றிய எச்சரிக்கை அங்கேயே கிடைக்கும்.