கே.எல்.லிருந்து எத்தனை மணி நேரம்?

கே.எல். என்கிற கோலாலம்பூரின் செப்பாங் விமான நிலையத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் பயண சீசன் வந்தால் கேள்விகள் என்னிடம்தான் வரும். இந்த வாரம் வந்தவை இவை.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்: அண்ணே, மகள் லண்டனுக்குப் படிக்கப் போகிறாள். தூரம் 10,600 கிலோமீட்டர். மணிக்கு 900 போனால் 12 மணி நேரத்தில் சேர்ந்துவிட வேண்டுமே? டிக்கெட்டில் 14 மணி நேரம் போல் வருகிறதே?

உங்கள் கணக்கு சரி, வழிதான் வேறு. வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் நூலின் ஒரு முனையை கோலாலம்பூரில் அழுத்தி, மறுமுனையை லண்டன் வரை விறைப்பாக இழுத்துப் பாருங்கள். அந்த நூல்தான் மிகக் குறுகிய வழி, உங்கள் 10,600 அதன் தூரம். தட்டையான வரைபடத்தில் தென்னிந்தியா, பாரசீக வளைகுடா வழியாகத் தெரிந்த கோடு, நூலில் ஒடிசா கரையேறி, தெற்கு உஸ்பெகிஸ்தானில் பாதி தூரத்தைத் தொட்டு, கிழக்கு உக்ரைன் வழியாகப் போகும். 2014 ஜூலை 17-ல் மலேசியா ஏர்லைன்ஸின் எம்.எச்.17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தது அந்தக் கிழக்கு உக்ரைனில்தான். 2022 முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடியே இருக்கிறது. அதனால் தெற்கே வளைந்துதான் போக வேண்டும். அதோடு எதிர்க்காற்று. அப்புறம், டிக்கெட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் இறங்கியபின் வாசலுக்கு வந்து நிற்பதும் அதில் சேர்த்தி.

ஈப்போ மாணவர்: லண்டனிலிருந்து திரும்பி வரும்போது நேரம் குறைவது பூமி சுழல்வதாலா, ஐயா?

இல்லை தம்பி. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் வேகக் காற்று ஒன்று உண்டு. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். வரும்போது அது முதுகில் கை வைத்துத் தள்ளும், போகும்போது நெஞ்சில்.

கிள்ளான் வாசகி: காலை 9 மணிக்கு ஏறினால் சென்னையில் 10.30-க்கு இறங்கலாமாம். ஒன்றரை மணி நேரம்தானா?

அக்கா, நாலு மணி நேரம். இந்தியக் கடிகாரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். திரும்பும்போது சென்னையில் இரவு 11-க்கு ஏறினால் இங்கே விடிகாலை 5.30. கூப்பிட வருகிறவரிடம் தேதியையும் சொல்லி வையுங்கள். ஒருமுறை என் மச்சான் முந்தின நாளே வந்து காத்திருந்து, பசியாறிவிட்டு வீடு திரும்பினார்.

பட்டர்வொர்த் வாசகர்: சென்னைக்கு பினாங்கு கிட்டவா, கே.எல். கிட்டவா?

பினாங்குதான். சுமார் 2,370 கிலோமீட்டர். கே.எல்.லிலிருந்து 2,630. நேரடி விமானம் கிடைத்தால் விடாதீர்கள். கே.எல். வந்து மாறினால் தெற்கே 325 கிலோமீட்டர் வீணாக இறங்கி வருகிறீர்கள், காத்திருப்பு வேறு.

காஜாங் வாசகர்: நமக்கு ஆகத் தூரமான ஊர் எது?

கே.எல்.லுக்கு நேர் அடியில் இருப்பது தென் அமெரிக்காவின் ஈக்வடார். அதன் தலைநகர் கீட்டோவுக்கு 19,700 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நேரடி விமானம் கிடையாது. சிங்கப்பூர்–நியூயார்க் விமானமே 15,300 கிலோமீட்டர்தான் போகிறது. எங்கே மாறுவது என்று ரொம்ப யோசிக்காதீர்கள், கிழக்கே கிளம்பினாலும் மேற்கே கிளம்பினாலும் கீட்டோ கிட்டத்தட்ட அதே தூரம்தான்.