தளியில் பீச் பூக்க என்ன மருந்து அடிக்கலாம்?

கேள்வி: ஓசூரை அடுத்த தளி பக்கம் அரை ஏக்கரில் 60 பீச் மரம் வைத்து மூன்று வருஷம் ஆகிறது. ஆள் உயரம் தாண்டி அடர்ந்து நிற்கின்றன. மார்கழியிலும் இலை கொட்டவில்லை. தையில் கிளை நுனியில் மட்டும் பத்துப் பூ, காய் ஒன்றிரண்டு. திராட்சைக்கு அடிக்கும் மொட்டு உடைக்கிற மருந்தை அடிக்கச் சொல்கிறார் கன்று விற்றவர். எவ்வளவு கலக்க வேண்டும்? முன்பு தக்காளி போட்ட நிலம்.

பதில்: அடிக்காதீர்கள். அது ஹைட்ரஜன் சயனமைடு, கடும் விஷம். அடித்தவர் அன்றோ அடுத்த சில நாளிலோ மது குடித்தால் உயிருக்கே ஆபத்து. மொட்டு பருத்த பிறகு அடித்தால் பூமொட்டும் கருகும்.

ரகத்தின் பெயரை நீங்கள் எழுதவில்லையே! பீச் மரம் குளிரில் இலை கொட்டி உறங்கி எழுந்தால்தான் மொட்டு விரியும். அதற்கு 7 டிகிரிக்குக் கீழே எத்தனை மணி நேரம் குளிர் கிடைக்கிறது என்பதுதான் கணக்கு. எல்பர்ட்டா போன்ற குளிர்நாட்டு ரகத்துக்கு 800 மணி நேரத்துக்கு மேல் வேண்டும்; ஃபுளோர்டாபிரின்ஸுக்கு 150 போதும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் உங்கள் பக்கத்தில் அந்த 150-ஏ சிரமம். ‘எல்லா ஊருக்கும் ஏற்றது’ என்று ரகப் பெயர் இல்லாமல் கன்று விற்பவரிடம் ஒரு குச்சிகூட வாங்கக் கூடாது.

குறைகிற குளிரை ஓரளவு கையால் ஈடுகட்டலாம். ஆவணிக்குப் பிறகு யூரியா வேண்டாம். கார்த்திகை மழை ஓய்ந்ததும் மூன்று வாரம் சொட்டுநீரை நிறுத்துங்கள். மார்கழித் தொடக்கத்தில் எல்லா இலையையும் காம்போடு கிள்ளி எடுங்கள். கீழ்நோக்கி உருவினால் கணுமொட்டும் சேர்ந்து பிய்ந்துவிடும்.

அடுத்தது கவாத்து. உங்கள் தோட்டத்தில் உண்மையான குறை இதுதான். போன வருஷம் வளர்ந்த குச்சியில்தான் பீச் காய்க்கும். ஒருமுறை காய்த்த இடம் மறுபடி காய்க்காது. வெட்டாமல் விட்டால் காய்க்கும் குச்சி வருஷா வருஷம் நுனிக்கு ஓடும், உள்ளே நிழல் விழுந்து கிளை காயும். ‘நுனியில் மட்டும் பூ’ என்று நீங்கள் எழுதியது அதைத்தான். ஓசூர் வட்டாரத்தில் ரோஜாவை வெட்டத் தயங்குவோர் யாரும் இல்லை. பீச்சுக்கு அதைவிடக் கடுமையாக வெட்ட வேண்டும்.

நடுத்தண்டை எடுத்து, வெளிப்பக்கம் சாய்ந்த மூன்று நான்கு கிளைகளை விட்டு, மரத்தைக் கிண்ணம் போலத் திறங்கள். செம்பழுப்பு நிறத்தில், பென்சில் பருமனில், ஒன்றிலிருந்து இரண்டடி நீளமுள்ள குச்சிகளை ஒரு சாண் இடைவெளியில் நிறுத்துங்கள். கணுவை உற்றுப் பாருங்கள்: மூன்று மொட்டு சேர்ந்திருந்தால் நடுவில் ஒல்லியாக இருப்பது இலைமொட்டு, இருபுறமும் பஞ்சு போர்த்திய குண்டு மொட்டுகள் பூ. அந்தக் குச்சியைத் தொடாதீர்கள். விரல் பருமனுக்கு மேற்பட்ட வெட்டில் போர்டோ பசை (மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர்) பூசாவிட்டால் பிசின் வடியும். கவாத்து முடிந்ததும் தண்ணீர் விடுங்கள். காய் சுண்டைக்காய் அளவு வந்ததும் ஒரு சாணுக்கு ஒன்று விட்டு மற்றதை உதிர்த்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பங்குனி வரை கிளை மொட்டையாக நின்றால் அது குளிர்நாட்டு ரகம். டானிக் எதுவும் உதவாது. கிளையை வெட்டி ஃபுளோர்டாபிரின்ஸ் ஒட்டுக் கட்டுவதே வழி.

தக்காளி நிலம் என்பதைக் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். முதலில் எழுதியிருக்க வேண்டும். ஒரு மரத்தடியில் அரையடி தோண்டி மெல்லிய வேரைக் கழுவிப் பாருங்கள். மணி கோத்தது போல முடிச்சு இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு; தக்காளி வேரில் பெருகி மண்ணில் தங்கும் நுண்புழு அது. மரத்துக்கு 2 கிலோ வேப்பம்பிண்ணாக்கு போட்டு, இடையில் செண்டுமல்லி போடுங்கள். தக்காளி, கத்தரி கூடாது. நூற்புழு அடங்குமே தவிர ஒழியாது. இனி கன்று வாங்கும்போது அடிக்கன்று (ஒட்டுக்குக் கீழே வேராக நிற்பது) நூற்புழுவைத் தாங்கும் ‘நெமகார்ட்’ ரகமா, ‘ஃபுளோர்டாகார்ட்’ ரகமா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.