யூனியன் ஸ்டேஷன் எதிரே இருப்பது சுவர்ச் சிற்பம் இல்லை

மகளின் பள்ளிச் செயல்திட்டத்துக்காக டொராண்டோ யூனியன் ஸ்டேஷன் சுவரெல்லாம் தேடியும் அந்த 'பன்முகப் பண்பாட்டு' உலோகச் சிற்பம் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சுவரை விடுங்கள். அது வெளியே, ஃப்ரண்ட் தெரு வாசலருகே தனியாக நிற்கும் வெண்கலச் சிலை. பிரான்செஸ்கோ பெரில்லி செய்தது, 1985. பூகோள உருண்டையின் நடுவே ஒரு மனிதர் நின்று தீர்க்கரேகைகளை இணைக்கிறார். மற்ற ரேகைகளைப் புறாக்கள் தூக்கி வருகின்றன. பக்கவாட்டில் நின்று எடுத்தால்தான் படத்தில் புறாக்கள் தெளிவாக விழும்.

அப்புறம், வெறும் வருணனையோடு மகள் நிறுத்த வேண்டாம். பல பண்பாடுகளையும் ஏற்கும் இந்தப் பன்முகப் பண்பாட்டுக் கொள்கையைக் கனடா அறிவித்தது 1971இல், சட்டமானது 1988இல். சிலை இரண்டுக்கும் நடுவில் வந்தது. இன்னொன்று: இதே சிலை சரயேவோ, சிட்னி, சீனாவின் சாங்சுன், தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் ஆகிய ஊர்களிலும் உண்டு. அப்படியானால் இது கனடாவின் அடையாளமா, எந்த நாட்டுக்கும் பொருந்தும் வாழ்த்து அட்டையா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. மகள் மறுத்து எழுதினாலும் சரி, ஆசிரியருக்குப் பிடிக்கும்.