'தளை தட்டுகிறது' என்று சொல்ல ஆள் வேண்டும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

2006-இல் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மரபுக் கவிதைக்கென்று ஓர் இணையக் குழுமம் தொடங்கினோம். ஒரு காலத்தில் நாளுக்கு ஐம்பது மடல் வரும். காலையில் ஈற்றடி, அதாவது பாட்டின் கடைசி அடி, கொடுத்தால் இரவுக்குள் பத்து வெண்பா வந்து நிற்கும். இன்று மாதத்துக்கு இரண்டு மடல், அதிலும் ஒன்று பண்டிகை வாழ்த்து. எல்லோரும் வாட்ஸப்புக்குப் போய்விட்டார்கள். மடல்களைக் கவனித்து ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநர் நான் ஒருவன்தான் மிச்சம். மூடிவிடலாமா என்று யோசிக்கிறேன். மக்களுக்கு விவாதிக்கும் ஆர்வமே வற்றிவிட்டதா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

மூடாதீர்கள்.

ஆர்வம் வற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. அன்று உங்களிடம் எழுதியவர்கள் இன்று முன்னைவிட அதிகமாகவே எழுதிக்கொண்டிருப்பார்கள், கைபேசியில். ஆனால் இடம் மாறியதும் பேச்சின் குணமும் மாறிவிட்டது.

உங்களுக்குத் தெரிந்த விஷயத்திலிருந்தே சொல்கிறேன். நான் வெண்பா கற்றது உங்களுடையதைப் போன்ற ஒரு குழுமத்தில்தான். ஒருமுறை 'வானம் பார்த்த' என்று ஓர் அடியைத் தொடங்கியிருந்தேன். அரைமணி நேரத்தில் ஒரு பெரியவரின் மடல் வந்தது. "வானம் தேமா. மாமுன் நிரை வரவேண்டும், உங்களுக்கு நேர் வந்திருக்கிறது. தளை தட்டுகிறது. 'வானத்தைப் பார்த்த' என்று வைத்துப் பாருங்கள், காய்முன் நேர் வந்துவிடும்." அவ்வளவுதான் மடல். (யாப்பு பழகாதவர்களுக்கு: அடியின் ஒவ்வொரு துண்டும் ஒரு சீர்; தேமா, காய் என்பவை சீரின் வகைகள், நேர், நிரை என்பவை அசையின் வகைகள். ஒரு சீரும் அடுத்த சீரின் முதல் அசையும் விதிப்படி சேர்வதுதான் தளை.) அதற்குக் கீழே இன்னொருவர், 'வானத்தை' என்றால் ஓசை கொஞ்சம் இழுக்கிறதே என்றார். மூன்றாமவர் வேறு சொல் சொன்னார். இந்த மடல்தொடர், அதாவது இழை, ஆறு நாள் ஓடியது. இரண்டு வருடம் கழித்து, அப்போதுதான் சேர்ந்த ஒரு மாணவி அந்த இழையைத் தேடிப் படித்துவிட்டு, கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். பெரியவர் அதற்கும் பதில் எழுதினார்.

இப்போது அதே வெண்பாவை வாட்ஸப் குழுவில் போட்டால் கைகூப்பும் படம் பத்து வரும், 'அருமை' நாலு வரும். தளை தட்டுவது தெரிந்தவர் அங்கேயும் இருப்பார். ஆனால் சொல்ல மாட்டார். இருநூறு பேரின் கைபேசி ஒரே நேரத்தில் சிணுங்கும் இடத்தில் ஒருவரின் பிழையைச் சொல்வது அவரை நிற்கவைத்துத் திட்டுவது போல ஆகிவிடுகிறது. மீறிச் சொன்னாலும், அடுத்த பத்து நிமிடத்தில் நாலு காலை வணக்கமும் ஒரு மருத்துவக் குறிப்பும் வந்து அதை மேலே தள்ளிவிடும். அடுத்த மாதம் சேர்பவருக்கு அப்படி ஒரு பேச்சு நடந்ததே பெரும்பாலும் தெரியாது. கூகுளுக்கும் தெரியாது.

தமிழ் இணையமே இப்படிப்பட்ட இழைகளில் பிறந்ததுதான். 1995-இல் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மடற்குழுவில், பல நாடுகளிலிருந்த தமிழர்கள் ஒருவரையொருவர் நேரில் பார்க்காமலே மணிக்கணக்காக எழுதினார்கள். ஒருவர் எழுத்துரு இன்னொருவர் கணினியில் தெரியாத காலம் அது. எல்லாக் கணினியிலும் தமிழ் ஒரேபோலத் தெரிவதற்கான தகுதர எழுத்துக் குறியீடு, அதாவது டிஸ்கி, மின்மடல்களில் வாதாடி வாதாடி உருவானது. தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்துக்கும் வேர் அங்கேதான். இன்று சங்க இலக்கியம் இலவசமாகத் திரையில் கிடைக்கிறதென்றால், யாரோ யாரோடோ பொறுமையாக ஒத்துப்போகாமல் பேசியதால்தான்.

அப்புறம் அழிவு. யாஹூ குழுமங்களில்தான் மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற தமிழ் இலக்கியக் குழுமங்கள் இருந்தன. 2019 அக்டோபர் 28 முதல் அங்கே புதிதாக எதையும் பதிவேற்ற முடியாமல் போனது. 2020 டிசம்பர் 15-இல் சேவையே மூடப்பட்டது. மூடப்படும் தளங்களைச் சேமித்துவைக்கும் ஆர்க்கைவ் டீம் தன்னார்வலர்கள் இரவு பகலாக உட்கார்ந்து எவ்வளவோ காப்பாற்றினார்கள், ஆனாலும் போனது போனதுதான். நான் கற்ற குழுமமும் இன்று இல்லை. அது இயங்கிய வழங்கிக்கு (சர்வருக்கு) ஒரே ஒரு நண்பர் தன் கையிலிருந்து பணம் கட்டிவந்தார். அவர் நோயில் விழுந்த வருடம் யாரும் கவனிக்கவில்லை. பெரியவரின் மடல்கள் எல்லாம் அதோடு போயின. மேலே நான் எழுதியிருப்பது என் நினைவில் தங்கியது மட்டும்.

நிரல் எழுதுபவர்களுக்கும் இதே கதைதான். 2008-இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற நிரலாளர் கேள்வி-பதில் தளத்தில் ஏற்கெனவே குறைந்துவந்த கேள்விகள், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் சரசரவென்று இறங்கிவிட்டன. அங்கே மனிதர்கள் எழுதிவைத்த பதில்களைப் பயன்படுத்த 2024-இல் சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐயே ஒப்பந்தம் போட்டது. எல்லோரும் தனியறையில் இயந்திரத்திடம் கேட்டுக்கொண்டால், அடுத்த தலைமுறை இயந்திரத்துக்குப் பதில் எழுதிவைப்பவர் யார்? இது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குழுமத்தைப் பழையபடி கலகலப்பாக்க அலையவேண்டாம், அது உங்களைக் களைப்பாக்கிவிடும். எரிதங்களை (ஸ்பாம் மடல்களை) வடிகட்டிவிட்டு, படிப்பதற்குத் திறந்து வையுங்கள். முழுப் பிரதி ஒன்று எடுத்து மூன்று பேர் கையில் கொடுங்கள். பழைய எழுத்துருவில் இருக்கும் மடல்களை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றவேண்டும், அவை இன்று வெறும் குறிகளாகத்தான் தெரியும். வாட்ஸப்பில் நல்ல விவாதம் ஏதாவது நடந்தால், எழுதியவர்களிடம் கேட்டு அதைக் குழுமத்தில் ஓர் இழையாக ஏற்றிவையுங்கள். மாதத்துக்கு ஓர் ஈற்றடி போதும்.

மாற்றும் வேலையில் நானும் பங்கெடுக்கிறேன். ஞாயிறு மாலைகளில் இரண்டு மணி நேரம் தரமுடியும். முதல் வருடத்து ஈற்றடி இழைகளை அனுப்பிவையுங்கள், அங்கிருந்து தொடங்கலாம்.

அன்புடன்