வாசகர் கேள்வி – பதில்: வாசலில் முகம் காட்டுதல்

கேள்வி: நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். தலைக்கவசத்தைக் கழற்றாமலும், கூலிங் கிளாஸோடும், துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டும் பலர் வங்கிக்குள்ளும் வட்டாட்சியர் அலுவலகத்துக்குள்ளும் நுழைகிறார்கள். நாளை ஒரு திருட்டு நடந்தால் கேமராவில் எவர் முகமும் இருக்காது. பொதுக் கட்டடங்களுக்குள் முகத்தை மறைக்கும் எதையும் அணியக் கூடாது என்று ஒரே சட்டமாகப் போட்டுவிட்டால் என்ன?
– வாசகர், காரைக்குடி

பதில்: உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களில் ஒரே நாளில் திறக்கப்பட்டது. அப்படி வங்கித் தொழிலில் ஊறிய ஊரில், வருகிறவர் யார் என்று தெரிந்துகொண்ட பிறகே கொடுக்கல் வாங்கல் என்பது புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பாடமில்லை. ஆனால் நீங்கள் கேட்கும் சட்டம், அந்தத் தேவையைவிட மிகப் பெரிய வலையை வீசுகிறது என்பது என் கருத்து.

நம் பகுதியின் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வந்தவர் முதலில் முகப்புத் திண்ணையில் அமர்வார். எந்த ஊர், யார் வீடு, என்ன காரியம் என்று விசாரித்த பிறகே வளவுக்குள், அதாவது உள்முற்றப் பகுதிக்குள், போகும் பேச்சு எழும். அங்கே எவருடைய உடையையும் யாரும் தடை செய்யவில்லை. ஆள் யார் என்பது உரிய இடத்தில், உரியவரால் தெரிந்துகொள்ளப்பட்டது, அவ்வளவுதான். பாதுகாப்புக்கு வேண்டியதும் இதுவே. கட்டடத்துக்குள் இருக்கும் நேரம் முழுவதும் எல்லோருடைய முகமும் எல்லோருக்கும் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது வேறு கோரிக்கை. அதற்குப் பாதுகாப்பைக் காரணமாகக் காட்ட முடியாது.

தலைக்கவசத்தை வாசலில் கழற்றச் சொல்வதில் எனக்குச் சிறிதும் தயக்கமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவு அதை அணியச் சொல்வது வண்டி ஓட்டும்போதுதான். வண்டியை நிறுத்தியவுடன் அதன் வேலை முடிந்துவிடுகிறது. வெயிலுக்கும் புழுதிக்கும் அஞ்சி முகத்தில் சுற்றிய துப்பட்டாவும், அழகுக்காக அணிந்த கூலிங் கிளாஸும் அப்படியே. கழற்றுவதால் இவர்களில் எவருக்கும் மானக்குறைவு இல்லை. எனவே சட்டமே தேவையில்லை; வாசலில் பளிச்சென்று ஓர் அறிவிப்பும், அதைத் தலைவர் முதல் கடைநிலை ஊழியர் வரை எல்லோரிடமும் ஒரே மாதிரி நடைமுறைப்படுத்தும் ஒரு காவலரும் போதும்.

நீங்கள் துறையில் இருந்தவர் என்பதால் இதையும் சொல்ல விரும்புகிறேன். கேமராவில் முகம் பதியாமல் போவதற்குப் பல இடங்களில் துணி காரணமே அல்ல. கூரையை ஒட்டி உயரத்தில் பொருத்தப்பட்ட கேமரா, குனிந்து நடப்பவரின் உச்சந்தலையையும் தொப்பியின் விளிம்பையும்தான் படம் பிடிக்கும். தெருவெளிச்சம் பின்னாலிருந்து அடிக்கும் வாசலை நோக்கி வைத்த கேமராவில், உள்ளே வருகிற ஒவ்வொருவரும் கறுப்பு நிழலாகவே தெரிவார்கள். முக உயரத்தில், வருபவரின் முகத்தில் வெளிச்சம் படும்படி ஒரே ஒரு கேமராவை நுழைவாயிலில் வைத்தால் கிடைக்கும் பயன், பத்துத் தடைப் பலகைகளால் கிடைக்காது. நகைப் பெட்டகம் வைத்திருக்கும் வாசகர்களும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பெட்டக அறைக்குள் சென்று வருபவர்களின் கேமராப் பதிவைக் குறைந்தது 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்று 2021-இல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறை சொல்கிறது. அந்தப் பதிவில் முகம் தெரிகிறதா என்று உங்கள் கிளை மேலாளரிடம் கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: நான் நிகாப் அணிபவள். அண்மையில் ஓர் அலுவலகத்தில் வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும் காவலர் முகத்திரையை எடுக்கச் சொன்னார். நான் ஒளிக்க எதுவுமில்லை. ஆனாலும் அன்று கூசிப்போய்த் திரும்பிவிட்டேன். முகத்தைக் காட்ட மறுக்க எனக்கு உரிமை உண்டா?
– வாசகி, புதுவயல்

பதில்: சகோதரி, உங்களுக்கு நேர்ந்தது நேர்ந்திருக்கக் கூடாதது. ஆனால் உங்கள் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதென்றால், ஆளை உறுதி செய்ய வேண்டிய இடத்தில் முகத்தைக் காட்டவே மாட்டேன் என்று முற்றிலும் மறுப்பதற்குச் சட்டத்தின் ஆதரவு கிடைப்பது கடினம். புகைப்பட வாக்காளர் பட்டியலுக்காக முகத்தைப் படம் எடுப்பது பர்தா அணியும் பெண்களின் மத உரிமையைப் பறிக்கிறது என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் ஏற்கவில்லை. கடவுச்சீட்டுக்கான படத்திலும் மத வழக்கப்படி தலையை மூடிக்கொள்ளலாம். நெற்றியிலிருந்து முகவாய் வரை முகம் தெரிந்தாக வேண்டும்.

ஆனால் காட்டுவது யாரிடம், எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்பதில் உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. பெண்ணைச் சோதனையிடுவதானால் இன்னொரு பெண்தான், கண்ணியம் குறையாமல் செய்ய வேண்டும் என்பது நம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நெடுங்காலமாக இருக்கும் விதி. வாக்குச்சாவடியில் பெண் வாக்காளர்களுக்கு உதவப் பெண் பணியாளரை அமர்த்திக்கொள்ள 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள் இடம் தருகின்றன. விமான நிலையத்தில் பெண்களைத் திரைக்குள் அழைத்துப் பெண் காவலரே சோதிக்கிறார். அங்கெல்லாம் முடிவது, ஒரு பெண் ஊழியரும் ஒரு தடுப்புத் திரையும் உள்ள எந்த அலுவலகத்திலும் முடியும். மறுமுறை செல்லும்போது, “முகத்தைக் காட்டுகிறேன், ஒரு பெண் அலுவலரிடம் தனியாகக் காட்டுகிறேன்” என்று முதலிலேயே சொல்லுங்கள். மறுத்தால் அலுவலகத் தலைவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அடையாளம் உறுதியான பிறகு நீங்கள் திரையை மீண்டும் அணிந்துகொண்டு வரிசையில் நிற்பதால் அலுவலகத்துக்கு எந்த ஆபத்தும் வந்துவிடாது.

அலுவலர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹிஜாப் தலையை மூடுவது. நிகாப்தான் முகத்தை மூடுவது. இந்த வேறுபாடு தெரியாமல், முகம் முழுவதும் தெரியும் பெண்ணிடம் தலைத்துணியை எடுக்கச் சொல்லும் காவலர் பாதுகாப்புப் பணியைச் செய்யவில்லை, ஒரு பெண்ணைக் காரணமின்றி அவமதிக்கிறார்.

கேள்வி: வெளிநாடுகளில் முழுத் தடையே இருக்கிறதே, அங்கெல்லாம் ஏற்றுக்கொள்ளவில்லையா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: இருக்கிறது. பிரான்சில் 2011 ஏப்ரல் 11 முதல், சுவிட்சர்லாந்தில் 2021-இல் நடந்த பொதுவாக்கெடுப்பையொட்டி 2025 ஜனவரி 1 முதல். நம் பக்கத்து நாடான இலங்கை, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குச் சில நாட்களில் அவசரகால விதியின் கீழ் தடை விதித்தது. ஆனால் பிரான்சின் சட்டம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குச் சென்றபோது, 2014-இல் வந்த தீர்ப்பை ஊன்றிப் படிக்க வேண்டும். சட்டம் நிலைத்தது, ஆனால் பாதுகாப்பு என்ற காரணத்தால் நிலைக்கவில்லை. பொதுப் பாதுகாப்புக்குப் பரவலான அச்சுறுத்தல் இருக்கும் சூழலில்தான் அத்தகைய முழுத் தடை அளவுக்குட்பட்டதாகும். ஐயம் எழும் இடத்தில் முகத்தைக் காட்டி அடையாளம் சொல்லும் கடமையே பாதுகாப்புக்குப் போதும் என்று நீதிமன்றம் கருதியது. சேர்ந்து வாழ்வதற்கான சமூக நெறி என்ற வேறொரு காரணத்தையே அது ஏற்றது. நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் அளித்த அந்தரங்க உரிமைத் தீர்ப்பும் இதே அளவுகோலைத்தான் தருகிறது: உரிமையில் கை வைக்கும் நடவடிக்கை, அதன் நோக்கத்துக்கு வேண்டிய அளவைத் தாண்டக் கூடாது.

கேள்வி: என் தாயாருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு வாரமாகிறது. ஓய்வூதியத்துக்காக அலுவலகம் அழைத்துச் செல்ல வேண்டும். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் என்ன செய்வது?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: இதே நிலை எனக்கும் நேர்ந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பா விரிந்திருந்த ஒரு பிற்பகலில், ஓர் அலுவலக வாசலில் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளும்படி சொன்னார்கள். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் கண்ணீர் வழியப் படிவத்தை நிரப்ப முடியாமல் நின்றேன். என் முகத்தைப் பார்க்க அவர்களுக்கு ஐந்து விநாடி போதும்; ஆனால் வேலை முடியும் வரை நான் அப்படியே இருக்க வேண்டியிருந்தது. கருவிழி வெளிச்சம் தாங்காதவர்கள், பார்வையற்றவர்கள், வெயிலில் கறுத்து நிழலில் மெல்லத் தெளியும் கண்ணாடி அணிந்தவர்கள் என்று இந்த வரிசையில் நிற்பவர்கள் பலர்.

மருத்துவமனை கொடுத்த வெளியேற்றச் சீட்டின் நகலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஆச்சியை நிழலில் உட்கார வைத்துவிட்டு, நீங்கள் முதலில் உள்ளே போய் அலுவலரிடம் சீட்டைக் காட்டிப் பேசுங்கள். கண்ணாடியை ஒரு கணம் உயர்த்தி முகத்தைக் காட்டிவிட்டு உடனே போட்டுக்கொள்ளட்டும். வாசலில் வெயில் எதிரே அடிக்கும் இடத்தில் மட்டும் கழற்ற வேண்டாம், உள்ளே சென்ற பிறகு காட்டட்டும்.