லிங்கன் கையெழுத்து எதுவரை செல்லும்?

கேள்வி: "லிங்கன் ஒரே கையெழுத்தில் எல்லா அடிமைகளையும் விடுவித்தார்" என்று என் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "அப்படியானால் அடிமைமுறையை ஒழிக்க அமெரிக்க அரசியலமைப்பில் 13-வது திருத்தம் எதற்கு?" என்கிறாள். என்ன சொல்வது? (ஒரு வாசகி, போடிநாயக்கனூர்)

பதில்: நானும் பள்ளியில் அப்படியே எழுதி முழு மார்க் வாங்கியவன்தான். உங்கள் பெண் என்னைவிடக் கெட்டிக்காரி.

அடிமைமுறையை விடாத தென் மாகாணங்கள் பிரிந்துபோய், வடக்கோடு உள்நாட்டுப் போர் நடந்த காலம். 1863 ஜனவரி 1 அன்று ஜனாதிபதி லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனத்தில், எந்தெந்த ஊருக்கு அது பொருந்தாது என்று ஒரு பட்டியலே உண்டு. நியூ ஆர்லியன்ஸுக்கு விலக்கு. மேற்கு வர்ஜீனியாவின் 48 மாவட்டங்களுக்கும் விலக்கு. லிங்கன் பக்கமே நின்ற கென்டக்கி, டெலாவேர், மேரிலாந்து, மிசௌரி ஆகிய அடிமை மாகாணங்களைப் பிரகடனம் தொடவே இல்லை. அவர் ஆணை செல்லாத இடத்தில் விடுதலை, செல்லும் இடத்தில் பழைய கதை!

கேலி செய்யலாம். ஆனால் அவருக்கு வேறு வழி இல்லை. அடிமைமுறை மாகாணச் சட்டத்தில் இருந்தது. சாதாரண நாளில் ஜனாதிபதி அதில் கை வைக்க முடியாது. போரில் மட்டும், படைத்தலைவர் என்ற முறையில், எதிரியின் பலத்தைப் பறிக்கலாம். தெற்கின் பலமே அடிமைகளின் உழைப்பு. அந்த ஒரு சந்து வழியாகத்தான் லிங்கன் நுழைந்தார்.

அன்று புத்தாண்டு வரவேற்பு. மணிக்கணக்கில் கை குலுக்கிவிட்டு வந்தவருக்குப் பேனாவைப் பிடித்தால் கை நடுங்கியது. எழுத்து கோணினால் 'தயங்கினார்' என்று பின்னால் சொல்வார்களே என்று கொஞ்சம் பொறுத்துத்தான் கையெழுத்துப் போட்டார். வழக்கமான 'ஏ. லிங்கன்' இல்லை, முழுப்பெயர்.

வெறும் காகிதமும் அல்ல அது. கறுப்பினத்தவருக்குப் படையில் கதவு திறந்தது அதில்தான். ஏறக்குறைய 1,80,000 பேர் சேர்ந்தார்கள்.

சரி, போர் முடிந்தபின் நீதிமன்றம் 'செல்லாது' என்றுவிட்டால்? அந்தக் கவலை லிங்கனுக்கே இருந்தது. அதற்காகத்தான் திருத்தம். 1865 ஜனவரி 31 அன்று பிரதிநிதிகள் சபையில் 119-க்கு 56 என்று நிறைவேறியது. போதுமான மாகாணங்கள் ஒப்புக்கொண்டு அது சட்டமானது டிசம்பர் 6-ல். லிங்கன் ஏப்ரலிலேயே சுடப்பட்டு இறந்துவிட்டார். மேரிலாந்தும் மிசௌரியும் அதற்கு முன்பே தாமாக அடிமைமுறையை ஒழித்திருந்தன. டெலாவேரும் கென்டக்கியும் கடைசிவரை அசையவில்லை. லிங்கன் பிறந்த மண்ணான கென்டக்கி அந்தத் திருத்தத்தை முறைப்படி ஏற்றது எப்போது தெரியுமா? 1976-ல்.