வடிவங்களின் விறைப்பைப் பற்றிய கணிதத்தால் நடைமுறையில் என்ன பயன்?

நான்கு கம்பிகளை மூலைக்கு ஒரு போல்ட் போட்டுச் சதுரமாக மாட்டுங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் போதும், சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு கம்பி வைத்தால் அசையாது. கிரில் கேட் செய்பவர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மூட்டுகள் ஐம்பது இருந்தால்?

தட்டையான தளத்தில் n மூட்டுகளுக்குக் குறைந்தது 2n−3 கம்பிகள் வேண்டும், சதுரத்துக்கு 5. எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தால் போதாது. அந்தக் கம்பிகளில், எந்த k மூட்டுகளை (இரண்டோ அதற்கு மேலோ) எடுத்தாலும் அவற்றுக்கிடையே 2k−3க்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு பக்கம் குவிந்தால் இன்னொரு பக்கம் தொளதொளக்கும். இதை 1927-இல் நிறுவியவர் கணிதவியலாளர் ஹில்டா கைரிங்கர். 1970-இல் லமன் என்ற இன்னொரு கணிதவியலாளர் மறுபடி கண்டுபிடிக்க, விதி அவர் பெயரிலேயே நெடுநாள் வழங்கியது, நியாயமில்லை.

முப்பரிமாணத்தில் கதை இன்னும் சுவையானது. தட்டையான முகங்களால் மூடிய திண்மம்தான் பன்முகி; முகங்கள் விறைப்பான தகடுகள், விளிம்புகள் கீல்கள் என்று கொள்ளுங்கள். குழிவில்லாத பன்முகி வளையாது என்று 1813-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி நிரூபித்தார். குழிவுள்ளதும் வளையாது என்றே பலர் நம்பினர். 1977-இல் ராபர்ட் கானெலி வளையும் ஒன்றைக் கட்டிக் காட்டினார். அதைத் துருத்தியாக்கிக் காற்றடிக்க முடியுமா? முடியாது: வளையும்போது கன அளவு மாறுவதில்லை. சபிட்டோவ், கானெலி, வால்ஸ் மூவரும் 1997-இல் வெளியிட்ட நிரூபணம் இது.

பாலத்துக் கம்பிச் சட்டகங்கள் தவிர, புரத மூலக்கூறில் அணுக்களை மூட்டாகவும் பிணைப்புகளைக் கம்பியாகவும் கொண்டு எந்தப் பகுதி அசையும் என்று கணினியில் பார்க்கிறார்கள். ஜிபிஎஸ் இல்லாத சென்சார்கள் தமக்கிடையேயான தூரங்களை மட்டும் வைத்து ஒன்றுக்கொன்று எங்கே இருக்கின்றன என்று கணிக்கவும் இதே கணிதம்தான்.